காதுள்ளவர்களைக் கேட்டேன்

வடோதரா,
10 ஜூன் 2024

அன்புள்ள நைனாவுக்கு,

ஏஞ்சலின் எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே எப்படி என்று போனில் கேட்டால் அம்மா "கீறோம், கீறோம்" என்கிறாள். அதை வைத்து என்ன தெரிந்துகொள்வது? முட்டிக்கு நான் வாங்கிக் கொடுத்த எண்ணெயைத் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரியில் பத்திரமாக இருக்கிறதா?

போனை உங்கள் காதில் வைத்து அம்மா கத்துவதும், நீங்கள் எதற்கும் "சரி சரி" என்பதும் எனக்கு அலுத்துவிட்டது. வாட்சப்பில் எழுதலாம் என்றால் அம்மா அதைக் கங்கம்மா அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள், தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம். இது நமக்குள் இருக்கட்டும்.

ஜனவரியில் சென்னையில் ஒரு கண்காட்சி, எழும்பூர் பக்கம் ஒரு பழைய கிடங்கில். எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். அதில் நான் படம் வரையப்போவதில்லை. நாலு சுவரிலும் இரும்புத் தகடு அடித்து, விளக்கை அணைத்து, உங்கள் பட்டறையின் ஹாமர் ஷாப் சத்தத்தை அங்கே எவ்வளவு இருக்குமோ அவ்வளவுக்கு வைக்கப்போகிறேன். கருகிய எண்ணெய் வாடையும் இருக்கும். வருகிறவர்கள் உள்ளே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சத்தம் என்னிடம் இருக்கிறது. "நீங்க ரெண்டு பேரும் அங்க அப்படி என்னதான் பண்றீங்க?" என்று ஒரு தடவை நம் ரகுவிடம் கேட்டேன். அவன் போனில் நாற்பது நிமிடம் பதிவு செய்து அனுப்பினான். அவன் நம்மை விட்டுப் போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. போன வாரம்தான் அதைத் திறந்து கேட்கத் தைரியம் வந்தது.

காது நன்றாக இருந்த காலத்தில் உங்களுக்கு அது எப்படிக் கேட்டது? எழுதுங்கள்.

அன்புடன்,
ஏஞ்சலின்


மரியே வாழ்க

கும்மிடிப்பூண்டி,
29 ஜூன் 2024

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு நைனா ராஜமாணிக்கம் எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். எண்ணெய் அலமாரியில்தான் இருக்கிறது, நீ சொன்னது சரி.

தபால்காரர் மோகன்ராஜ் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "இந்தத் தெருவுல உனுக்கு மட்டுந்தான் அண்ணே லெட்டர் வருது" என்றார். அவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டேன். பட்டறையில் முப்பத்தொரு வருஷம் உதட்டைப் பார்த்துப் பழகியவனுக்கு அது பெரிய விஷயம் இல்லை.

நீ எழுதியதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏம்மா, எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், அதனால் அந்தச் சத்தத்தில் நின்றேன். சும்மா வந்து நில்லு என்றால் எவன் நிற்பான்? நம் தெருவில் காதுகுத்துக்கு ஸ்பீக்கர் கட்டினாலே கங்கம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வருகிறாள். இதற்குப் பேர் கலையா?

நான் படிக்காதவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிளஸ் டூ லீவில் நீ கோயில் சுவரில் மாதா படம் வரைந்தாய். பொன்னேரியிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். முதல் ஷிப்டுக்குப் போகும்போது சைக்கிளை நிறுத்தி அந்த முகத்தை ஒரு நிமிடம் பார்ப்பேன். மனசு ஆறும். அது கலை. மனுஷனைப் புண்ணாக்கி அனுப்புவது எப்படிக் கலையாகும்?

கேட்டாய், அதனால் எழுதுகிறேன். சத்தம் முதலில் காதுக்கு வராது. பாதத்துக்கு வரும், அப்புறம் நெஞ்சுக்கு. காது கடைசி. அங்கே யாரும் காதால் வேலை செய்வதில்லை, கண்ணால்தான். பழுத்த இரும்பை இடுக்கியில் பிடிக்கிறவன் கட்டைவிரலைத் தூக்கினால் நான் பெடலை மிதித்து ஹாமரை இறக்குவேன். உள்ளங்கையை விரித்தால் நிறுத்துவேன். கடைசி ஐந்து வருஷம் எனக்கு இடுக்கி பிடித்தவன் யார் என்று உனக்கே தெரியும்.

ரகு அனுப்பியதை நீயே வைத்துக்கொள். வெளியே போடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

நைனா


வடோதரா,
20 ஜூலை 2024

அன்புள்ள நைனா,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, இங்கே மழை. உங்கள் முட்டி எப்படி? எண்ணெய்?

நீங்கள் மட்டும் இல்லை, இங்கே கூட வேலை செய்கிற ஒருவரும் அதையேதான் கேட்டார். "இது சித்திரவதை, கலை இல்லை" என்றார். நான் சண்டை போட்டேன். ரகுவைப் பற்றி அழகாக ஒன்று செய்ய எனக்கும் தெரியும். அவன் முகத்தை வரைந்து, பின்னால் கொஞ்சம் வெளிச்சம் வைத்தால், பார்க்கிறவர்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். மனசு ஆறிவிடும். ஏன் ஆற வேண்டும் நைனா? அவன் செத்தது எனக்கு ஆறவில்லை. சென்னையில் உட்கார்ந்து நம் பட்டறையில் அடித்த சாமானில் கார் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் ஏன் ஆற வேண்டும்? மூன்று நிமிடம் காது வலிக்கட்டும். கோபம் வந்தாலும் வரட்டும்.

இன்னொன்றும் செய்கிறேன். மறைக்க விரும்பவில்லை. 2022 கிறிஸ்துமஸுக்கு மொட்டைமாடியில் ரகு ஸ்டார் கட்டும்போது நான் எடுத்த வீடியோ இருக்கிறது. நீங்கள் கீழே திரும்பி நின்றுகொண்டிருந்தீர்கள். "நைனா! நைனா! ஒயர இழு நைனா!" என்று ஆறு தடவை கத்தினான். நீங்கள் திரும்பவே இல்லை. நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தக் குரலைச் சத்தத்துக்கு அடியில் வைக்கப்போகிறேன். மூன்று எட்டு தள்ளி நின்று ஒருவன் கத்தினால் எவ்வளவோ அவ்வளவுதான். யாருக்கும் கேட்காது. வெளியே சுவரில் ஒரே ஒரு வரி இருக்கும்: "இந்த அறைக்குள் ஒருவன் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்."

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று உடனே எழுதுங்கள்.

ஏஞ்சலின்


வடோதரா,
14 செப்டம்பர் 2024

அன்புள்ள நைனா,

எட்டு வாரமாகப் பதில் இல்லை. அம்மாவிடம் கேட்டால், "நல்லாத்தான் கீறாரு, கோயிலுக்குப் போறாரு, வர்றாரு, பேசறதுதான் இல்ல" என்கிறாள். கோபமா? கோபம் என்றாலும் இரண்டு வரி எழுதுங்கள். நான் என்ன தப்பு செய்தேன்?

ஏஞ்சலின்


மரியே வாழ்க

கும்மிடிப்பூண்டி,
6 அக்டோபர் 2024

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு ஒரு வாரம் ஜுரம், இப்போது தேவலை. இங்கே நல்ல மழை. சிப்காட் ரோட்டில் பள்ளம் எது ரோடு எது என்று தெரியவில்லை. கங்கம்மா மகளுக்கு ஆண் குழந்தை. பெரியபாளையத்தாவுக்கு வேண்டிக்கொண்டதால் பிறந்தது என்று அவள் சொல்கிறாள், தான் மாதாவிடம் சொன்னதால் என்று உன் அம்மா சொல்கிறாள். இருவருக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை. எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

சத்தம் வைத்துக்கொள். ரகு குரலை எடுத்துவிடு. செத்தவன் சும்மா இருக்கட்டும். ஊரான் எல்லாம் வந்து நின்று அவன் கூப்பிடுகிறானா இல்லையா என்று காது கொடுக்க வேண்டாம். வாந்தி வருகிற மாதிரி ஒன்றைச் செய்துவிட்டு அதைக் கலை என்று சொல்லலாம் என்றால், நாட்டிலேயே பெரிய கலைஞன் எங்கள் முதலாளிதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நைனா


வடோதரா,
2 நவம்பர் 2024

நைனா,

அம்மாவுக்கு ஜுரம் விட்டதில் நிம்மதி. என்னிடம் அவள் சொல்லவே இல்லை.

முதலாளியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. இவ்வளவு தெரிந்தவர் ரகு செத்ததற்கு விசாரணை என்று அதிகாரி வந்தபோது ஏன் வாயே திறக்கவில்லை? "சத்தத்தில் கேட்கவில்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். யாரைக் காப்பாற்றுகிறீர்கள்? மகனைவிடக் கம்பெனி பெரிதா?

நீங்கள் பேசாவிட்டால் நான் பேசுகிறேன். ரகுவின் பையை நான் எடுத்துவந்தேன் அல்லவா, அதில் உங்கள் மெடிக்கல் சர்டிபிகேட் மூன்று இருந்தன. 2019, 2021, 2022. மூன்றிலும் செவித்திறன் நார்மல் என்று போட்டிருக்கிறது. கீழே ஜோதிலட்சுமி என்று ஒரு நர்ஸின் கையெழுத்து. அந்த வருஷங்களில் நான் லீவுக்கு வரும்போது உங்களிடம் கத்தித்தான் பேசினேன். காது போன மனுஷனை ஹாமரில் உட்கார வைக்கக் கம்பெனியும் அந்தப் பொம்பளையும் சேர்ந்து எழுதிய பொய் இது. மூன்றுக்கும் சட்டம் போட்டு, அறைக்கு வெளியே பெயரோடு மாட்டப்போகிறேன்.

ஏஞ்சலின்


மரியே வாழ்க

கும்மிடிப்பூண்டி,
12 நவம்பர் 2024

ஏஞ்சலினுக்கு,

நாங்கள் சுகம். இதை நீ தனியாக இருக்கும்போது படி. அம்மாவிடம் போனில் எதுவும் கேட்காதே, அவளுக்குத் தெரியாது.

அந்தத் தாள்களை மாட்டாதே. அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. பொய் சொன்னது நானும் ரகுவும்.

வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் வேன் வரும். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெட்டி. அதில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுப்பார்கள். 'பீப்' என்று கேட்டால் அழுத்த வேண்டும். நர்ஸ் வெளியே மெஷின் முன்னால் இருப்பாள். அவள் பீப் அனுப்பும்போது மெஷினில் ஒரு சின்ன லைட் எரியும். அடுத்த ஆளாக ரகு அவள் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்பான். லைட் எரிந்தால் மூக்கைத் தொடுவான். நான் பட்டனை அழுத்துவேன். இவ்வளவுதான். "உங்க வயசுக்கு சூப்பர் காது அங்கிள்" என்று அந்தப் பெண் சொன்னாள். வெளியே வந்து நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

2019 ஜூலையில்தான் முதல் தடவை. "வேணாம் நைனா, ஸ்டோர்ஸுல வேலை கேட்டுக்கினு போய்டு" என்று ரகு சொன்னான். காது போனவனுக்கு ஸ்டோர்ஸ் எல்லாம் கிடையாது, கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். நான்தான் அவனை வற்புறுத்தினேன். ஹாமரில் காதுக்கு என்னடா வேலை, கண் இருந்தால் போதும் என்றேன். நாலு வருஷம் அப்படித்தான் ஓட்டினோம். ஏன் வேலையை விடவில்லை என்று கேட்காதே.

அன்றைக்கு என் கண்ணில் வியர்வை விழுந்தது. துண்டால் துடைத்தேன். கால் பெடலில் இருந்தது. துடைக்கிற நேரம் எவ்வளவு இருக்கும், நீயே பார். அவன் கையுறை இடுக்கியில் மாட்டிக்கொண்டு இழுத்திருக்கிறது. கை இரண்டும் ஹாமருக்கு அடியில், உள்ளங்கையை விரிக்க முடியாது. கத்தியிருக்கிறான். பக்கத்து மெஷினில் இருந்த துளசிராமன் அவன் வாய் அசைந்ததைப் பார்த்திருக்கிறான். "உன்னத்தான் கூப்ட்டான் அண்ணா, ரெண்டு வாட்டி" என்று சொன்னான்.

காது இருந்திருந்தால் கேட்டிருக்கும். இதைத்தான் நான் தினமும் கோயிலில் உட்கார்ந்து நினைக்கிறேன். அதிகாரியிடம் நான் காப்பாற்றியது கம்பெனியை இல்லை, என்னை. இதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

தாள்களை எடுத்துவிடு. மற்றது உன் இஷ்டம்.

நைனா


வடோதரா,
20 டிசம்பர் 2024

அன்புள்ள நைனாவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உங்களுக்கும் அம்மாவுக்கும் பார்சலில் துணி அனுப்பியிருக்கிறேன். அம்மாவின் ஜாக்கெட் அளவு சரியாக இருக்கும்.

சர்டிபிகேட்டுகளைக் கிழித்துவிட்டேன். அம்மாவிடம் எதுவும் பேசவில்லை.

அறை தயார். போன வாரம் நாலு நாள் சென்னையில் இருந்து எல்லாவற்றையும் பொருத்திவிட்டு வந்தேன். சுவரில் அந்த ஒரு வரி இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்கு வர நேரம் கிடைக்கவில்லை. ஒரு மணி நேர ரயில்தான், தெரியும். மன்னித்துவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கும் வர முடியாது.

எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள்.

ஏஞ்சலின்


வடோதரா,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள நைனா,

சுகமா? அம்மாவுக்கு மறுபடி இருமல் என்றாளே, டாக்டரிடம் போனீர்களா?

கண்காட்சி தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. என் அறையைப் பற்றித்தான் பேச்சு. ஒரு பத்திரிகையில், "காதில் அறைவது கலையென்றால் ரவுடிகள் எல்லோரும் கலைஞர்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு அம்மா மயங்கி விழப்போய்ப் பிடித்தார்களாம். உள்ளே யாரும் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது, காதுக்குப் பஞ்சு தருவோம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். திறந்த அன்று பாராட்டியவர்களும் இருந்தார்கள். எனக்கு எதுவும் ஏறவில்லை.

அங்கே வாசலில் இருக்கும் பாக்கியநாதன் என்பவர் நேற்று போன் செய்தார். வியாழக்கிழமை வயதான ஒருவர் காலை பதினொரு மணிக்கு வந்தாராம். அறைக்குள் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாராம். மூன்று நிமிடம் ஆயிற்று என்று தோளைத் தொட்டதற்கு, "எனுக்கு காது கேக்காது தம்பி, நான் இருந்துக்கினு போறேன்" என்றாராம். மதியத்துக்கு மேல் வாசலில் நின்று வெளியே வருகிறவர்களிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாராம். சாயங்காலம் பூட்டுகிற வரை போகவில்லையாம்.

நீங்களா நைனா?

ஏஞ்சலின்


மரியே வாழ்க

கும்மிடிப்பூண்டி,
9 பிப்ரவரி 2025

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு நைனா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நாங்கள் சுகம். உண்மையாகவே சுகம். அம்மாவின் இருமலுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தாயிற்று.

நான்தான். வேறு எந்தக் கிழவன் போவான்?

உன் வேலைப்பாட்டைப் பார்க்க நான் வரவில்லை. எனக்குத் தண்டனை வேண்டும் என்று வந்தேன். என் மகன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற ஓர் அறை இருக்கிறது, அவன் கூப்பிடுவது எனக்குக் கேட்காது, நான் போய் அதில் உட்கார வேண்டும் என்று தோன்றியது. அம்மாவிடம் பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

தகட்டில் முதுகை வைத்ததும் தெரிந்துவிட்டது. மூன்று அடி, ஒரு நிறுத்தம், அப்புறம் சின்னதாக ஒரு அடி. துளசிராமன் அப்படி அடிக்கமாட்டான். அது என் கால். ரகு உனக்கு அனுப்பியது நான் வேலை செய்யும் சத்தம். நான் அடிப்பதை எனக்கு எதிரே நின்று அவன் உனக்காகப் பிடித்திருக்கிறான். இருட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அந்த இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்?

அப்புறம் ஒரு யோசனை வந்தது. வெளியே வந்து வாசலில் வெளிச்சத்தில் நின்றேன். முதலில் வந்தது ஒரு காலேஜ் பெண். காதைப் பொத்திக்கொண்டு வந்தாள். "உள்ள ஒரு பையன் கூப்ட்டானே, கேட்டுச்சாம்மா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். அடுத்து புருஷன் பெண்டாட்டி. அவர்களுக்கும் கேட்கவில்லை. ஒருத்தர் கோபமாக வந்தார். "இதெல்லாம் ஒரு ஆர்ட்டா சார்?" என்று என்னிடமே கத்தினார். "உனுக்கு காது நல்லா கேக்குமா?" என்றேன். "நல்லாவே கேக்கும்" என்றார். "அவன் கூப்ட்டது கேட்டுச்சா?" "எவன்?" என்றார் அவர்.

எவன் என்று கேட்டாரம்மா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பயந்து போய்விட்டார்.

அன்றைக்கு மட்டும் ஐம்பத்தொரு பேரைக் கேட்டேன். சின்னப் பிள்ளைகள், வயசுப் பையன்கள், எல்லோருக்கும் நல்ல காது. ஒருத்தருக்குக்கூடக் கேட்கவில்லை. ஒரே ஒருத்தருக்குக்கூட! அப்படியென்றால் காது இருந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. இரண்டு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு.

ஏஞ்சலின், நீ செய்தது கலைதான். நான் ஒத்துக்கொள்கிறேன். மாதா படத்தைப் பார்த்தால் மனசு ஆறும் என்று எழுதினேன். உன் அறை ஆற்றவில்லை, வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் என் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த ஒரு கை விட்டுவிட்டது. பத்திரிகைக்காரன் என்ன எழுதினால் என்ன, அவனுக்கு என்ன தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேன், பட்டன், ரகு மூக்கைத் தொட்டது, எல்லாம். என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நெஞ்சில் குத்தினாள். கடைசியில், "நல்லா காது கேக்கறவங்களுக்கும் கேக்கலியா?" என்றாள். "கேக்கல, ஆரோக்கியம்" என்றேன். "மாதா மேல சொல்லு" என்றாள். சொன்னேன். எழுந்து போய்ச் சோறு போட்டு எடுத்துவந்தாள். இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

வருகிற 23ஆம் தேதி ஞாயிறு கடைசி நாள் என்று பாக்கியநாதன் தம்பி சொன்னார். பூசை முடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவளுக்கு நல்ல காது. அவளும் ஒரு தடவை உள்ளே நின்று பார்க்கட்டும், அப்போதுதான் அவளுக்கும் நிம்மதி வரும். நீ என்ன சொல்கிறாய்?

நைனா


வடோதரா,
13 பிப்ரவரி 2025
(அனுப்பாதது)

நைனா,

நீங்கள் சுகம் என்று எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். முடித்ததும் கிழிக்கப்போகிறேன்.

அந்த அறையில் ரகு இல்லை.

உங்கள் நவம்பர் கடிதம் வந்த அடுத்த வாரம் இங்கே ஸ்டூடியோவில் தகடு அடித்துச் சோதித்துப் பார்த்தேன். சத்தத்துக்கு அடியில் அவன் குரலை வைத்தேன், மூன்று எட்டு தூரத்துக்கு எவ்வளவோ அவ்வளவு. கூட வேலை செய்கிற பூமிகாவை உள்ளே அனுப்பினேன். குரல் இருக்கிறது என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை. ஒரு நிமிடத்தில் வெளியே வந்து, "யாரோ ஒரு பையன் கூப்பிடுகிறானே, யார் அது?" என்று கேட்டாள்.

நானும் போய் நின்றேன். கேட்டது. மூன்று அடி அடித்துவிட்டு நீங்கள் ஒரு நிறுத்தம் விடுகிறீர்களே, அந்த இடத்தில் "நைனா" என்று விழுகிறது. மெல்லிசாகத்தான், ஆனால் கேட்கிறது. ஹாமர் சத்தத்தை ஏற்றிப் பார்த்தேன், அப்போதும் கேட்டது. காது இருக்கிற யாருக்கும் கேட்கும்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை, அவன் குரலை எடுத்துவிட்டேன். நீங்கள் கேட்டதால்தான் எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுவரில் இருந்த வரியையும் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எல்லோரும் அந்த வரியைத்தான் பாராட்டினார்கள், விட மனசு வரவில்லை. ஒருவருமே கூப்பிடாத அறைக்கு வெளியே நின்று நீங்கள் ஐம்பத்தொரு பேரைக் கேட்டிருக்கிறீர்கள்.

அது கலையா என்று எல்லோரும் கேட்டார்கள். உண்மையா என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள்கூட.

ஏன் வேலையை விடவில்லை என்று கேட்காதே என்றீர்கள். கேட்க வேண்டியதில்லை நைனா. 2019 ஜூலை. நான் இங்கே படிக்கச் சேர்ந்த மாதம், நீங்கள் முதல் பீஸ் கட்டிய மாதம். நீங்கள் அதை எழுதவில்லை, எந்தக் கடிதத்திலும் எழுதமாட்டீர்கள். "மகனைவிடக் கம்பெனி பெரிதா" என்று உங்களைக் கேட்டது இந்தக் கைதான். டிசம்பரில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு வீட்டுக்கு வராமல் போனதும் இதனால்தான். எந்த முகத்தோடு அம்மா கையால் வாங்கிச் சாப்பிடுவேன்?


வடோதரா,
14 பிப்ரவரி 2025

அன்புள்ள நைனாவுக்கு,

நான் சுகம். உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்களும் அம்மாவும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று படித்ததும் எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

23ஆம் தேதி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் கூட்டம் குறைவாக இருக்கும். பாக்கியநாதனிடம் சொல்லிவிட்டேன், அம்மாவுக்கு நாற்காலி போட்டுத் தருவார். இருமல் இருந்தால் தண்ணீர் எடுத்துப் போங்கள். அவள் பஞ்சு வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள், எவ்வளவு நேரம் நிற்கிறாளோ நிற்கட்டும். ஈஸ்டருக்கு நான் கட்டாயம் வீட்டுக்கு வருகிறேன்.

நீங்கள் ஐம்பத்தொரு பேரைக் கேட்டீர்கள், என்னைக் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். ரகுவின் குரலை அந்தச் சத்தத்துக்கு அடியில் என் கையால் வைத்தேன். அவன் எந்த இடத்தில் கூப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியும். காதைத் தீட்டிக்கொண்டு எத்தனையோ தடவை நின்று பார்த்தேன்.

எனக்கும் கேட்கவில்லை நைனா.

உங்கள் மகள்,
ஏஞ்சலின்